பண்ணவாடித் துறையில் பரிசல் ஏறும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேட்டூர் நீர்த்தேக்கத்தில் நண்பர்களோடு ஒரு நாள் முழுவதும் பரிசலில் அமர்ந்து தூண்டில் போட்டதைப் பற்றிச் சென்ற மாதம் ஒரு பதிலின் நடுவே இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்கள் எல்லாம் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால், இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள். சிறு வயது முதல் ஊர் ஏரியிலும் கிணற்றிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்கள். மேட்டூர் அணையில் ஒரு நாள் பரிசல் எடுத்து மீன் பிடிக்க ஆசைப்படுகிறோம். யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? எந்த மாதத்தில் போவது நல்லது?
(வாசகர், ஆத்தூர்)

பதில்: நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமை அரசுக்குரியது. மேட்டூரில் மீன்வளத்துறையிடம் உரிமம் பெற்ற மீனவர்கள் வலை கட்டிப் பிழைக்கிறார்கள். அவர்கள் பிடிக்கும் கட்லாவிலும் ரோகுவிலும் பெரும்பகுதி, மீன்வளத்துறையினர் குஞ்சாக வளர்த்து நீரில் விட்டவற்றின் பலன். ஆகவே பொது நீர்நிலைதானே என்று எண்ணி நேரே பரிசல் துறைக்குப் போய்ப் பேசிவிடாதீர்கள். மேட்டூரில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்துக்கு ஒருவர் நேரில் சென்று, எத்தனை பேர் வருகிறீர்கள், எந்த நாள், எந்தத் துறையிலிருந்து கிளம்புகிறீர்கள், வலை ஏதுமின்றித் தூண்டில் மட்டும்தானா என்பவற்றை எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். இல்லை என்று சொல்லிவிட்டால் அந்த நாளை உங்கள் ஊர் ஏரியிலேயே கழிப்பதுதான் முறை. அனுமதி கிடைத்தாலும் அணைச் சுவரை ஒட்டிய பகுதிக்கும் உபரிநீர் வெளியேறும் 16 கண் மதகின் பக்கத்துக்கும் போக எண்ண வேண்டாம்.

கிளம்புவதற்கு மேற்குக் கரையில் கொளத்தூர்ப் பக்கமுள்ள பண்ணவாடியும் கோட்டையூரும் ஏற்றவை. பண்ணவாடிக்கு எதிர்க்கரையில் நாகமரையும், கோட்டையூருக்கு எதிர்க்கரையில் ஒட்டனூரும் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவை. இரு கரை மக்களும் சந்தைக்கும் சொந்தபந்தங்களின் வீட்டுக்கும் நீரைக் கடந்தே போய்வருவதால், அந்த நீரைத் தெரிந்த பரிசல்காரர்கள் இத்துறைகளில் இருக்கிறார்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை என் விருப்பம் தை மாதக் கடைசியும் மாசியும்தான். காவிரிப் படுகைப் பாசனத்துக்காக வழக்கப்படி ஜூன் 12 அன்று திறக்கப்படும் அணை, ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. அதன் பிறகு நீர்மட்டம் நாளுக்கு நாள் பெரிதாக மாறுவதில்லை. மட்டம் நிலையாக நின்றால் கரையோரத்து மீன் தன் இடத்தை விட்டு நகராது. நேற்று கடித்த இடத்தில் இன்றும் கடிக்கும். வண்டல் படிந்து நீரும் தெளிந்திருக்கும், காலைப் பொழுதில் காற்றும் அடங்கியிருக்கும். சித்திரை, வைகாசியில் காலை நேரம் மட்டும் நல்லது, ஏனெனில் பிற்பகலில் இடிமழை திரளும். ஆடியில் போக வேண்டாம். அதற்குக் காரணம் காற்று ஒன்று மட்டும் இல்லை. புதுநீர் வரும்போது சினை கொண்ட கெண்டை இனங்கள் மேலாற்றை நோக்கி ஏறுகின்றன. அந்த நாள்களில் வயிறு புடைத்த ஒரு மீனைப் பிடித்துக் கூடையில் போடுவது, அடுத்த சில ஆண்டுகளின் மீனையும் சேர்த்துப் போடுவதாகும்.

வெள்ள நாள்களைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நொடிக்கு ஒரு லட்சம் கன அடி நீர் ஒரு நாள் முழுவதும் வந்தால் அது 8.64 டிஎம்சி, அதாவது 864 கோடி கன அடி. அணை நிரம்பியிருக்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெளியே விடாமல் தேக்கினால் ஒரே நாளில் மட்டம் ஐந்து அடிக்கு மேல் உயரும். அணை பாதி காலியாக இருந்தால் பரப்பு குறைவு என்பதால் உயர்வு இன்னும் அதிகம். சரிவான கரையில் காலையில் நிறுத்திய வண்டியின் சக்கரம் மாலையில் நீருக்குள் நிற்பதற்கு அது போதும். கர்நாடக அணைகளிலிருந்து திறக்கப்படும் நீரின் அளவு நாள்தோறும் செய்திகளில் வருகிறது. அதைப் பாராமல் கிளம்பாதீர்கள்.

கேள்வி: நாளிதழில் மேட்டூர் நீர்மட்டம் 100 அடி என்று போடுகிறார்களே, அப்படியானால் பண்ணவாடியிலும் 100 அடி ஆழம் இருக்குமா? இவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் மீன் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகி, ஈரோடு)

பதில்: வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. நீர்த்தேக்கத்தில் மீன் பிடிப்பதன் நுட்பம் முழுவதும் இதற்குள்தான் இருக்கிறது.

நாளிதழில் வரும் எண், அணையில் உள்ள அளவுகோல் காட்டும் மட்டம். நிறைமட்டமான 120 அடி என்பது கடல்மட்டத்திலிருந்து 790 அடி உயரத்தைக் குறிக்கிறது. அணையின் அடியில் ஆழம் மிகுதி. அங்கிருந்து ஒகேனக்கல் பக்கம் மேலே போகப் போக ஆற்றின் படுகை உயர்ந்துகொண்டே வருவதால் ஆழம் குறைந்துகொண்டே வரும். முழுக் கொள்ளளவான 93.47 டிஎம்சியை நீர்ப்பரப்பால் வகுத்தால், அணை நிரம்பி வழியும் நாளில்கூடச் சராசரி ஆழம் 57 அடிக்குள்தான் வருகிறது. அதுவும் சராசரி, பரிசல் போகும் வழியில் ஓரிடத்தில் ஆள் உயரம் இருக்கும், பத்துத் துடுப்புத் தள்ளிப் போனால் அடி தெரியாது.

ஏன் இப்படி என்றால், அந்த நீருக்கடியில் இருப்பது மனிதர் உழுது பயிரிட்ட பள்ளத்தாக்கு. 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை எழும்பியபோது காவிரியின் பழைய ஆற்றுப்படுகையோடு ஊர்கள், வயல்கள், வரப்புகள், வண்டிப்பாதைகள், கல்கட்டு வேலிகள், கிணறுகள் எல்லாம் உள்ளே போயின. மீன்களுக்கு அந்த மேடுபள்ளம் இன்னும் முக்கியமானது. ஆற்றின் பழைய கரை சட்டென்று இறங்கும் விளிம்பு, வயல் முடிந்து ஓடை தொடங்கும் வாய், மூழ்கிய கல்வேலியின் ஓரம் ஆகிய இடங்களில் அவை மேயும், ஒதுங்கும், ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்குப் போய்வரும். தட்டையான வயல்வெளி மேல் நாள் முழுவதும் தூண்டிலை வைத்திருந்தாலும் ஜிலேபி எனப்படும் திலேப்பியா மீன்தான் கொத்திக்கொண்டிருக்கும்.

இந்த நிலத்தை அறிய இரண்டு வழிகள் எனக்குத் தெரியும். ஒன்று, கோடையில் மட்டம் இறங்கியிருக்கும்போது தூண்டில் இல்லாமல் ஒருமுறை போய்க் கரையில் நடந்து பார்ப்பது. சேறு காய்ந்து வெடித்த அந்த வெளியில் வரப்பும் ஓடையும் கண்ணுக்கு நேராகத் தெரியும். கைப்பேசியில் படம் எடுத்து, பின்னணியில் தெரியும் மலையையும் மரத்தையும் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது வழி, நாற்பது ஆண்டு அங்கே பரிசல் தள்ளியவரின் பக்கத்தில் உட்கார்வது.

எங்களை அழைத்துப் போன பெரியவர் துறையை விட்டுக் கிளம்பி ஏறத்தாழ முக்கால் மணி நேரம் பேசவே இல்லை. பிறகு துடுப்பை நீரில் குத்தி நிறுத்தியபடி, தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்தார். கரையில் நின்ற ஒற்றைப் புளியமரத்துக்கு நேர் பின்னால் மலையின் ஒரு முகடு வந்திருந்தது. மறுபக்கம் ஒரு கோயிலின் வெள்ளைச் சுவர், பாறை ஒன்றின் விளிம்பைத் தொட்டாற்போலத் தெரிந்தது. அந்த இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில்தான் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். "இங்க கெணறு இருக்குது கண்ணு. எங்கப்பன் காட்டினது," என்றார். முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிற்றில் ஈயக்குண்டைக் கட்டி இறக்கிப் பார்த்தோம். பதினான்காம் முடிச்சில் தரை தட்டியது. பரிசலை ஓரடி நகர்த்தி மறுபடி இறக்கினால் குண்டு போய்க்கொண்டே இருந்தது. அந்தக் கிணற்று மேட்டின் ஓரத்தில்தான் அன்றைய மீன் முழுவதும் எங்களுக்குக் கிடைத்தது.

இடம் தெரிந்த பின் எந்த ஆழத்தில் இரையை நிறுத்துவது என்பது மீனைப் பொறுத்தது. கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும். அது மேல்மட்டத்தில் மேயும் மீன். ரோகு நடுநீரில் திரியும், மிருகால் அடிச் சேற்றைக் கிளறும். கெளுத்தியும் வாளையும் அடியில் கிடந்து, வெளிச்சம் குறைந்த பிறகு சுறுசுறுப்பாகும். தவிடும் வேர்க்கடலைப் புண்ணாக்கும் பிசைந்த உருண்டையைக் கெண்டை இனங்களுக்கும், மண்புழுவை மற்றவற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தக்கையைப் பார்க்கும் முறையும் வேறுபடும். ஜிலேபி கொத்தினால் தக்கை நடுங்கும். கெண்டை இரையை எடுத்தால் பல வேளைகளில் தக்கை மூழ்குவதில்லை. அடியில் ஈயத்தின் எடையை மீன் தூக்கிவிடுவதால் தக்கை மெல்ல மேலெழுந்து, நீரின் மேல் படுத்துவிடும். குளத்தில் பழகியவர்கள் மூழ்கட்டும் என்று காத்திருந்து அந்த மீனைத் தவற விடுகிறார்கள். நானும் முதல் இரண்டு மீன்களை அப்படித்தான் தவறவிட்டேன்.

கேள்வி: பரிசலில் போகிறேன் என்றதுமே வீட்டில் மறுக்கிறார்கள். எனக்கு நீச்சல் தெரியும். அப்படியும் அஞ்ச வேண்டுமா?
(வாசகர், ஓமலூர்)

பதில்: வீட்டார் அஞ்சுவது சரி. அவர்கள் அச்சத்துக்கு நீங்கள் தரவேண்டிய விடை நீச்சல் இல்லை, லைஃப் ஜாக்கெட். உடுத்திய துணியோடும் கால்சட்டைப் பையில் கைப்பேசியோடும் விழுந்தவருக்கு, கரை ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கையில் நீச்சல் அதிக நேரம் கைகொடுக்காது. ஆளுக்கொன்று, அவரவர் உடம்புக்குப் பொருந்தும் அளவில், இடுப்புவார் கட்டியபடி, துறையில் கால் வைக்கும்போதே அணிந்திருக்க வேண்டும். பரிசலின் அடியில் போட்டு அதன்மேல் உட்கார்ந்து போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பரிசல் கவிழும் நேரத்தில் அதைத் தேடி எடுத்து அணிய ஒருவராலும் முடியாது.

பரிசல் எப்படிப்பட்டது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும். மூங்கில் பத்தைகளை வட்டக் கூடையாகப் பின்னி, முற்காலத்தில் எருமைத் தோலையும் இப்போது நெகிழித் தாளையும் அடியில் போர்த்தித் தார் பூசுகிறார்கள். ஃபைபரில் வார்த்தவையும் வந்துவிட்டன. பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இல்லை, நீரைக் கிழிக்கும் அடிமரமும் இல்லை. ஒற்றைத் துடுப்பால் முன்பக்கத்து நீரைத் தன்னை நோக்கி இழுத்து நகர்த்துவார்கள். கனம் நடுவில், தாழ்வாக இருக்கும் வரை அதைப் போல் நிலையான கலம் வேறில்லை. எழுந்து நின்றாலோ, இரண்டு பேர் ஒரே விளிம்பில் சாய்ந்தாலோ அந்த விளிம்பு அப்படியே நீருக்குள் இறங்கிவிடும்.

எங்கள் பரிசலில் அது நடக்க இருந்தது. என் நண்பரின் தூண்டிலில் ஆறு கிலோ மதிக்கத்தக்க கட்லா ஒன்று மாட்டி, பரிசலைச் சுற்றி ஓடத் தொடங்கியது. அவர் தன்னை மறந்து எழுந்து நின்றார். மீனைப் பார்க்க மற்றொருவரும் அதே பக்கம் எட்டினார். விளிம்பின் மேல் ஒரு முழ அகலத்துக்கு நீர் வழிந்து உள்ளே வந்தது. பெரியவர் கத்தவில்லை. துடுப்பைப் போட்டுவிட்டு, தன் முழு உடம்பையும் எதிர்ப்பக்க விளிம்பின் மேல் சாய்த்துக்கொண்டு, "உக்காருங்க சாமி, மீனு போனா போகுது," என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். பரிசல் நிமிர்ந்தது. கணுக்கால் அளவு தேங்கிய நீரைச் சோற்றுப் பாத்திரத்தால் இறைத்து ஊற்ற எங்களுக்கு வெகுநேரம் பிடித்தது. அதற்குள் தங்கூசி (தூண்டில் நரம்பு) அறுந்து கட்லாவும் போய்விட்டது. அதற்குப் பிறகு அன்று யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஆத்தூர் நண்பர்களைப் போல ஐந்து பேர் என்றால் இரண்டு பரிசல்களாகப் பிரிந்து போங்கள்; ஒன்றுக்கு ஒன்று கூப்பிடு தூரத்தில் இருங்கள். ஒரே நேரத்தில் எதிரெதிர்ப் பக்கத்தில் அமர்ந்த இருவர் மட்டும் தூண்டில் போடட்டும். மீன் மாட்டினால் உட்கார்ந்தபடியே களைக்கவிட்டு, கைவலையை நீருக்குள் தாழ்த்தி, மீனை அதன்மேல் இழுத்து எடுங்கள். மது அருந்தியவரை ஏற்றவே கூடாது. நண்பர்கள் சேர்ந்தால் இந்த ஒன்றில் தயவு பார்ப்பார்கள், பார்க்கக் கூடாது.

காற்றைப் பற்றியும் சொல்கிறேன். மேற்கிலிருந்து காற்று எழுந்தால் பண்ணவாடிப் பக்கம் நீர் அமைதியாகவே தோன்றும். அலை கிழக்கே போகப் போகத்தான் வளரும். கரையில் நின்று பார்ப்பவருக்கு நடுநீரின் நிலை தெரியாது. பரிசல்காரர் திரும்பலாம் என்று சொன்னால், மீன் எப்படிக் கடித்துக்கொண்டிருந்தாலும் மறுபேச்சின்றித் தூண்டிலைச் சுருட்டுங்கள். இடி கேட்டால் கார்பன் இழைத் தூண்டில் கோலை முதலில் படுக்க வையுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும். பிறகு அருகிலுள்ள கரைக்கே போங்கள், புறப்பட்ட துறைக்குத்தான் போகவேண்டும் என்பதில்லை.

கேள்வி: கெளுத்தி முள் குத்திவிட்டால் என்ன செய்வது?
(வாசகி, மேச்சேரி)

பதில்: முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் அதற்கு முள் உண்டு, தலையைப் பின்னாலிருந்து, முட்களுக்குப் பின் விரல் வருமாறு பிடிக்க வேண்டும். குத்திவிட்டால் காயத்தைக் கழுவி, பொறுக்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் கடுப்பு தணியும். அதற்காகவே நாங்கள் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோவோம். முள் முறிந்து உள்ளே தங்கினாலோ வீக்கம் ஏறினாலோ மருத்துவரிடம் போங்கள். குத்தியது தேளி மீன் என்றால் தாமதமே வேண்டாம்.

கேள்வி: காவிரியில் ஆள் எடைக்கு மாசீர் மீன் இருப்பதாகப் படித்தேன். மேட்டூரில் அதைப் பிடிக்க முடியுமா?
(வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: பிடிக்க முயல வேண்டாம் என்று உங்களை வேண்டிக்கொள்கிறேன். காவிரிக்கே உரிய திமில் மாசீர் உலகின் பெரிய நன்னீர் மீன்களில் ஒன்று. காவிரியின் துணையாறான கபினியில் 1946இல் பிடிபட்ட மாசீரின் எடை 120 பவுண்டு. இன்று அந்த இனம் அழிவின் விளிம்பில் இருக்கிறது. 2018இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் மிக மோசமான அழிவு அபாயத்தில் உள்ள உயிரினமாக அது சேர்க்கப்பட்டது. அணைகள் ஆற்றோட்டத்தை நிறுத்தியதும், மணல் எடுப்பும், வெடி வைத்து மீன் பிடிப்பதும் சேர்ந்து அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. அது ஓடும் நீரின் மீன். தேங்கிய நீரில் அதற்கு வாழ்வில்லை. அது வாழக்கூடிய மேலாற்றின் தமிழ்நாட்டுப் பகுதியில் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. அங்கே தூண்டில் எடுத்துப் போவது குற்றமாகும். எங்கேனும் தற்செயலாக ஒன்று மாட்டிவிட்டால் நீரை விட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி, தலையை ஓட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அது தானாகத் துடுப்பசைக்கும் வரை தாங்கியிருந்து விட்டுவிடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு நண்பர்களோடு ஓர் அணையில் மீன் பிடிக்கச் சென்றபோது எங்கள் தூண்டில் ஒரு வலையில் சிக்கியது. இழுத்தும் வராததால் கத்தியால் வலையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். அது இன்னும் மனத்தை உறுத்துகிறது. நாங்கள் செய்திருக்க வேண்டியது என்ன?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. தூண்டிலை வெட்டியிருக்க வேண்டும். ஒரு முள்ளும் ஓரடி தங்கூசியும் என்ன விலை? வலை அப்படிப்பட்டதன்று. மாலையில் பரிசலில் போய்ச் செவுள் வலையைக் கட்டிவிட்டு, விடியுமுன் போய் எடுப்பவருக்கு அந்த வலையின் கண் ஒவ்வொன்றும் கணக்கு. ஓரிடத்தில் வெட்டு விழுந்தால் மீனின் எடையில் அது கிழிந்துகொண்டே போகும். அதைக் கோத்து முடிக்க வீட்டிலுள்ள பெண்கள் திண்ணையில் உட்கார்ந்து நாள் கணக்கில் ஊசி ஓட்ட வேண்டியிருக்கும். அன்றைய மீனும் போய்விடும்.

மிதக்கும் பிளாஸ்டிக் பாட்டில்களும் தெர்மோகோல் துண்டுகளும் வரிசையாகத் தெரிந்தால் அது வலை. குப்பை என்று எண்ணி ஒன்றையும் எடுக்காதீர்கள், இரு பக்கமும் நன்றாக ஒதுங்கிப் போங்கள். ஆளில்லாத வலையில் மீன் துள்ளுவதைப் பார்த்தாலும் கை வைக்கக் கூடாது. சிக்கிவிட்டால் தங்கூசியை வலைக்கு அருகில் அறுத்து விட்டுவிட்டு, துறைக்கு வந்ததும் எந்த இடத்தில் முள் தங்கியிருக்கிறது என்று பரிசல்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். இருட்டில் வலை இழுப்பவரின் கையில் அது ஏறாமல் இருக்கும். நீங்கள் சென்ற துறை நினைவிருந்தால், இப்போதும் ஒருமுறை போய்ச் சொல்லி, வலைக்குரியவரைக் கண்டுபிடித்து இழப்பைக் கொடுத்துவிட்டு வரலாம். ஓராண்டு கழித்து வந்தாலும் அவர் அதைக் குறையாக எண்ணமாட்டார் என்றே நம்புகிறேன்.

இதனோடு தொடர்புடைய ஒன்றையும் இங்கேயே எழுதுகிறேன். வெடி போட்டோ நஞ்சு கலந்தோ மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது. அப்படி யாரேனும் செய்வதைப் பார்த்தால் நெருங்கிப் போய்ப் படம் எடுக்க முயலாதீர்கள். கரைக்கு வந்து மீன்வளத்துறைக்கோ காவல்துறைக்கோ சொல்லுங்கள்.

கேள்வி: சில நாள்களில் நீர் பச்சையாக, நாற்றத்தோடு இருக்கிறதே? அப்போது மீன் பிடித்து உண்ணலாமா?
(வாசகர், தருமபுரி)

பதில்: அது பாசி. வயல்களிலிருந்து உரச்சத்தும் ஊர்களிலிருந்து கழிவும் சேர்ந்து, வெயிலும் ஓட்டமற்ற நீரும் வாய்த்தால் அது பெருகிப் படலமாகப் படரும். பகலில் உயிர்வளியைத் தரும் அதே பாசி இரவெல்லாம் அதை உறிஞ்சுவதால் விடியலுக்குச் சற்று முன் நீரில் உயிர்வளி மிகக் குறைந்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதை அப்போது பார்க்கலாம். அந்த நேரத்தில் அவை இரையைத் தொடுவதில்லை. படலம் கட்டிய இடத்தில் பிடித்த மீனையும், செத்து மிதக்கும் மீனையும் உண்ணாதீர்கள், அந்த நீரில் கைகால் கழுவுவதையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: பிடித்த மீனைக் கெடாமல் வீடு கொண்டுவருவது எப்படி?
(வாசகி, நாமக்கல்)

பதில்: பிடித்ததும் செவுளையும் குடலையும் எடுத்துவிட்டு, மீனின் எடைக்குச் சமமான பொடித்த பனிக்கட்டியில் புதைத்து வையுங்கள், உருகும் நீர் வடிய பெட்டியின் அடியில் வழி இருக்கட்டும். குடலை நீரில் வீசாமல் பையில் போட்டுக் கரைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு வேளைக் குழம்புக்கும் வறுவலுக்கும் வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளங்கை நீளம்கூட இல்லாத கட்லா, ரோகுக் குஞ்சுகளைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஜிலேபியை மட்டும் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த இனம், குஞ்சுகளை வாயில் வைத்துக் காத்து வளர்ப்பதால் எங்கும் பெருகி, நம் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: என் பாட்டி பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் மூழ்கிப்போனது. நீர் இறங்கும்போது பழைய கோயில் நந்தி தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இப்போது அவர் இல்லை. மீன் பிடிக்கப் போகும் நண்பர்களோடு நானும் போனால் அதைப் பார்க்க முடியுமா?
(வாசகி, சென்னை)

பதில்: போய் வாருங்கள், ஆனால் மாசியில் வேண்டாம். மட்டம் வெகுவாக இறங்கிய கோடையில், பண்ணவாடிப் பகுதியில் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் நீருக்கு வெளியே தெரியும். அணையில் நீர் நன்றாக இருக்கும் ஆண்டுகளில் அவை தெரிவதே இல்லை. ஆகவே கோடையில் செய்திகளைக் கவனித்து, நந்தி தெரியத் தொடங்கிவிட்டது என்று வந்த வாரத்தில் கிளம்புங்கள். அதிகாலையில் போனால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். கோயில் தெரியும் இடத்தைச் சுற்றி மற்றச் சுவர்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் என்பதால், பரிசல்காரர் சொல்லும் தூரத்துக்கு மேல் நெருங்க வேண்டாம். கரைச் சேறு மேலே காய்ந்து அடியில் களியாக இருக்கும், தனியே இறங்கி நடக்க வேண்டாம். நண்பர்களின் தூண்டில்கள் அந்த நேரம் பரிசலுக்குள் சுருட்டியபடி இருக்கட்டும். எங்களை அழைத்துப் போன பெரியவரும் நந்தி இருக்கும் திசையைக் கடக்கையில் துடுப்பை மடியில் வைத்து, ஒரு கை நீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டுதான் மேலே போனார். உங்கள் பாட்டியின் ஊர்ப் பெயரை அங்குள்ள பரிசல்காரர்களிடம் சொல்லிப் பாருங்கள். எந்த மரத்தையும் எந்த முகட்டையும் நேராக வைத்தால் அந்த ஊர் வரும் என்று காட்டக்கூடியவர்கள் துறையில் இன்னும் இருக்கிறார்கள்.